கிணற்றுக்குள் விழும் வெயில்: யாழ்ப்பாணத்து முற்றத்திலிருந்து அகலக்கோடும் நெடுங்கோடும்

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள். விருந்து, பலகாரம் எல்லாம் முடிந்த களைப்பில் வீட்டில் பலரும் சரிந்து கிடக்கும் மத்தியானம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தால், அன்று 12 மணி 10 நிமிடத்துக்குக் கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள். மற்ற நாட்களில் கிணற்றின் உட்சுவர் ஒரு பக்கம் வெயிலாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். ஏப்ரல் 15ஐ ஒட்டிய அந்த ஓரிரு நாட்களில் மட்டும், சில நிமிடங்களுக்கு, சுவரின் நிழல் தண்ணீரில் எங்குமே விழாது. வெயில் செங்குத்தாக இறங்கி, தண்ணீர் வட்டம் முழுவதும் வெளிச்சமாகக் கிடக்கும். எட்டிப் பார்த்தால் உங்கள் தலையின் நிழல் மட்டும் நடுவில் தெரியும். தண்ணீரில் சூரியன் பளபளக்கும்போது அதை உற்றுப் பார்க்க வேண்டாம், கண்ணுக்குக் கூடாது. சுவரைப் பாருங்கள், போதும்.

நான் இதை முதலில் பார்த்தது பெரியம்மா வீட்டுப் பழைய கிணற்றில். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, பள்ளிக்கூடத்தில், யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருக்கிறது என்று பாடமாக்கியிருந்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் அந்த எண் எங்கள் கிணற்றுக்குள் வெயிலாக இறங்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தேசப்படத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த மெல்லிய கோடுகளை, வளவை விட்டு வெளியே போகாமலே கண்டுபிடிக்கலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறுக்கே ஓடும் கோடு, அகலக்கோடு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அட்சரேகை என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். பூமியின் நடு இடுப்பில் ஓடும் மத்திய கோடு 0 பாகை. வடக்கே போகப் போக எண் கூடி, வட துருவத்தில் 90 ஆகும். தெற்கே போனாலும் அப்படியே. ஒரு பாகைக்கு 60 கலை. எங்கள் பகுதியில் ஒரு பாகை வடக்கே நகர்ந்தால் தரையில் ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர் நகர்ந்திருப்போம். அப்படியென்றால் யாழ்ப்பாண நகரம் மத்திய கோட்டிலிருந்து சுமார் 1,070 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இலகு. ஒரு கலை நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு கடல்மைல், 1.852 கிலோமீற்றர். கடல்மைல் என்ற அளவே பூமியின் இந்தக் கலையிலிருந்து பிறந்ததுதான்.

பருத்தித்துறை 9 பாகை 50 கலை. தெற்கே தெய்வேந்திரமுனை 5 பாகை 55 கலை. கழித்துப் பாருங்கள்: 3 பாகை 55 கலை. அதைக் கிலோமீற்றராக மாற்றினால் 433 வரும். இலங்கையின் நீளம் 432 கிலோமீற்றர் என்று சின்ன வயதில் படித்தோமே, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அளவுநாடா இல்லை, வாகனம் இல்லை, ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும் மட்டும்.

சரி, கிணற்றுக்கு வருவோம். அன்றைக்கு மட்டும் ஏன் நிழல் இல்லை? சூரியன் எப்போதும் மத்திய கோட்டுக்கு மேலேயே நிற்பதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், மத்தியானச் சூரியன் உச்சியில் நிற்கும் இடம் வருடம் முழுவதும் வடக்குத் தெற்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ச் 20ஐ ஒட்டி மத்திய கோட்டுக்கு மேலே, ஜூன் 21ஐ ஒட்டி வடக்கே 23.4 பாகைக்கு மேலே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. இப்படி வடக்கே ஏறி வரும் வழியில், ஏப்ரல் 15ஐ ஒட்டி அது 9 பாகை 40 கலையைக் கடக்கிறது. அதாவது எங்கள் தலைக்கு மேலே. திரும்பித் தெற்கே இறங்கும்போது ஆகஸ்ட் 28ஐ ஒட்டி, நல்லூர்த் திருவிழாப் பருவத்தில், இன்னொரு முறை கடக்கிறது.

இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் வீட்டின் வடக்குச் சுவரில் மத்தியான வெயில் படுவதும், முற்றத்துத் தூணின் நிழல் தெற்கே விழுவதும் இதனால்தான். ஜூன் 21 அன்று ஒரு மீற்றர் தடியின் மத்தியான நிழல் தெற்கே 25 சென்ரிமீற்றர் போல நீளும். டிசம்பர் 21 அன்று அதே தடியின் நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர். வடக்குப் பக்க விறாந்தையில் மிளகாய் காயப்போடுகிறவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

பகலில் தவறவிட்டால் இரவில் பார்க்கலாம். இந்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதற்கு வேண்டியது ஒரு கை மட்டும். கையை நேராக நீட்டி, விரல்களைப் பொத்திப் பிடியுங்கள். பொத்திய கையின் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறத்தாழ 10 பாகை. சிறுவர்களுக்குக் கை சின்னது, ஆனால் நீளமும் குறைவு, ஆகவே கணக்கு பெரிதாக மாறாது. இப்போது பருத்தித்துறையிலோ காங்கேசன்துறையிலோ வல்வெட்டித்துறையிலோ வடக்கே கடல் தெரியும் ஒரு கரையில் நின்று, கடலும் வானமும் தொடும் கோட்டில் கையின் அடிப்பக்கத்தை வையுங்கள். கையின் மேல்விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் நிற்கும். 10 பாகை உயரம், 10 பாகைக்குச் சற்றுக் குறைந்த அகலக்கோடு. இரண்டும் பொருந்துவது தற்செயல் அல்ல.

மத்திய கோட்டில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் தொடுவானத்தில் கிடக்கும். வட துருவத்தில் நிற்பவருக்கு நேர் உச்சியில். இடையில், நீங்கள் வடக்கே ஒரு பாகை நடந்தால் அது ஒரு பாகை உயரும். காரணம் எளிது. நட்சத்திரம் எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பதால், பூமியில் எங்கே நின்றாலும் அது ஒரே திசையில்தான் இருக்கிறது. மாறுவது நாம் நிற்கும் தரையின் சாய்வு. உருண்டையின் மேல் நடக்க நடக்க, எங்கள் காலடித் தரை சாய்கிறது, தொடுவானம் அதோடு சேர்ந்து இறங்குகிறது. ஆகவே துருவ நட்சத்திரத்தின் உயரம் எத்தனை பாகையோ, நீங்கள் நிற்கும் அகலக்கோடும் அத்தனை பாகை. அது துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகி நிற்கிறது, கைக்கணக்குக்கு அது ஒரு பொருட்டில்லை.

அது மிகப் பிரகாசமான நட்சத்திரம் அல்ல, எங்கள் பக்கம் தாழ்வாக வேறு நிற்கும், கடல் புழுதியில் மங்கிவிடும். ஆகவே வழி தெரிய வேண்டும். ஏப்ரல் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி போல வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்துப் பிடித்த அகப்பை மாதிரித் தெரியும். அதன் காம்பில் நுனியிலிருந்து இரண்டாவதாக நிற்பவர் வசிட்டர், அவரோடு ஒட்டி மங்கலாக நிற்பவள் அருந்ததி. கலியாண வீட்டில் ஐயர் பொம்பிளை மாப்பிளைக்கு வானத்தைக் காட்டிப் பார்க்கச் சொல்வது இவளைத்தான். பகல் முகூர்த்தத்தில் பார்க்கவில்லை என்று இருந்தவர்கள் இப்போது பார்த்துக்கொள்ளலாம். காம்பிலிருந்து எதிர்ப்பக்கம், அகப்பையின் விளிம்பாக நிற்கும் இரண்டு நட்சத்திரங்களைப் பிடியுங்கள். மேலேயுள்ளதிலிருந்து கீழேயுள்ளதற்கு ஒரு கோடு போட்டு, அதே திசையில் அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு கீழே இறங்கினால் துருவ நட்சத்திரம்.

பிறகு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகளுக்கு போன் எடுத்து, அவர்களையும் கையைப் பொத்தி அளக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு கைக்கு மேல் இன்னொரு கையாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ரொறன்ரோவில் நான்கு கையும் கொஞ்சமும், லண்டனில் ஐந்து. ஒரே நட்சத்திரம், ஒரே குடும்பம், எங்களுக்கு ஒரு கை உயரத்தில், அவர்களுக்கு ஐந்து கை உயரத்தில். பூமி உருண்டை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி எனக்குத் தெரியாது.

உருண்டை என்றால் எவ்வளவு பெரிய உருண்டை? கிணறு இதையும் சொல்லும். எகிப்தின் தெற்கே சியீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், வருடத்தில் ஒரு நாள் மத்தியானம் சூரியன் கிணற்றின் அடிவரை இறங்குகிறது என்று அலெக்சாந்திரியாவில் இருந்த கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தீனிஸ் அறிந்திருந்தார். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. வேறொன்றும் இல்லை.

எங்களுக்கு எகிப்து வேண்டாம், இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள மாத்தறை போதும். மாத்தறையில் ஒரு தெரிந்தவர் இருந்தால், அதே ஏப்ரல் 15 மத்தியானம், சமமான தரையில் ஒரு மீற்றர் தடியை நேராக நிறுத்தி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் நிழல் இல்லை. மாத்தறையில் தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் விழும். அந்த நிழலுக்குரிய கோணம் 3.7 பாகையை ஒட்டி வரும். தேசப்படத்தை எடுத்து, அளவுத்திட்டத்தை வைத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் வடக்குத் தெற்காக எவ்வளவு தூரம் என்று அளந்தால் 411 கிலோமீற்றர் போல வரும். 3.7 பாகைக்கு 411 என்றால் 360 பாகைக்கு 40,000. பூமியைத் துருவங்கள் வழியாகச் சுற்றி அளந்தால் கிடைப்பதும் 40,000க்குச் சற்றே கூடிய எண்தான். தடியைச் சாய்வாக வைத்தால் கணக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பிசகும். ஆகவே ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தடி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேசன்மார் தூக்குக்குண்டு பிடிப்பது போல.

அகலக்கோட்டை வானமே சொல்லிவிடுகிறது. நெடுக்கே ஓடும் நெடுங்கோடு, அதாவது தீர்க்கரேகை, அப்படி அல்ல, அதற்கு மணிக்கூடு வேண்டும். துருவம், மத்திய கோடு இரண்டும் பூமியின் சுழற்சி தந்தவை. கிழக்கு மேற்காக எண்ணுவதற்கு அப்படி இயற்கையான தொடக்கம் ஒன்றும் கிடையாது. யாராவது ஓர் இடத்தைப் பிடித்து இதுதான் பூச்சியம் என்று சொல்ல வேண்டும். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு ஒன்று லண்டனில் உள்ள கிறீன்விச் வானாய்வகத்தின் ஊடாகப் போகும் கோட்டைப் பூச்சியம் என்று தீர்மானித்தது. அங்கிருந்து கிழக்கே 80 பாகை 1 கலையில் யாழ்ப்பாணம்.

பூமி ஒரு நாளில் 360 பாகை சுற்றுகிறது. மணித்தியாலத்துக்கு 15 பாகை, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. எங்கள் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், அதற்குச் சரியாக 6 பாகை. ஆகவே இரண்டு ஊர்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரங்களின் வித்தியாசம் தெரிந்தால், நெடுங்கோட்டு வித்தியாசமும் தெரிந்துவிடும். மட்டக்களப்பு எங்களுக்குக் கிழக்கே ஒன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல். அங்கே உச்சிப்பொழுது எங்களுக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம் முன்பே வந்துவிடும். கடலில் போகும் கப்பலில் புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் மணிக்கூடு ஒன்று இருந்தால், கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அலையிலும் வெக்கையிலும் பிசகாத மணிக்கூடு நெடுங்காலமாக இருக்கவில்லை. 1714இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நெடுங்கோட்டைக் கண்டுபிடிக்கும் வழிக்கு 20,000 பவுண் வரை பரிசு என்று அறிவித்தது. தச்சு வேலை பழகி, தன் முயற்சியால் மணிக்கூடு செய்யக் கற்ற ஜோன் ஹரிசன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். அவருடைய நான்காவது கடல் மணிக்கூடு 1761இல் ஜமேக்காவுக்குக் கப்பலேறி, அது முடியும் என்று காட்டியது.

தொடக்கத்தில் 12 மணி 10 நிமிடம் என்று சொன்னேனே, அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது? எங்கள் மணிக்கூடு கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. ஐந்தரையைப் பதினைந்தால் பெருக்கினால் 82.5 பாகை. அந்தக் கோடு இந்தியாவில் பிரயாக்ராஜுக்கும் காக்கிநாடாவுக்கும் அருகாகப் போய் வங்காள விரிகுடாவில் இறங்குகிறது. இலங்கையின் எந்தப் பகுதியையும் தொடுவதில்லை. அதாவது நாங்கள் எங்கள் ஊர் நேரத்தில் வாழவில்லை, கடலின் மேல் ஓடும் ஒரு கோட்டின் நேரத்தில் வாழ்கிறோம். யாழ்ப்பாணம் அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகை. பாகைக்கு நான்கு நிமிடம், ஆக மொத்தம் பத்து. வருடத்தின் வேறு பருவங்களில் இதோடு ஒரு கால்மணி வரை கூடும் குறையும், பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல என்பதாலும் அச்சின் சாய்வாலும். ஏப்ரல் நடுப்பகுதியில் அந்தத் திருத்தம் ஏறக்குறையப் பூச்சியம். கணக்கு பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை.

1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அந்த வருடத்திலேயே அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 சித்திரையில்தான் பழைய ஐந்தரைக்கு மீண்டது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டு வாழ்ந்த பத்து வருடங்கள் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலம் முழுவதும் கிணற்றின் உச்சிப்பொழுது அசையவில்லை, அசைந்தது சுவரில் தொங்கிய மணிக்கூடுதான்.

இனி போன். கூகுள் மேப்பில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை விரலால் அழுத்திப் பிடித்தால் 9.675, 80.030 என்பது போல இரண்டு எண்கள் வரும். முன்னது அகலக்கோடு, பின்னது நெடுங்கோடு. கலை, விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) இல்லாமல் தசமத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒழுங்கு முக்கியம். மாற்றி 80.030, 9.675 என்று போட்டால், ஆர்க்டிக்கில் ஸ்வல்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு வடமேற்கே பனிக்கடலில் போய் நிற்பீர்கள். அதற்குக் கிட்டத்தான் அந்தக் காலத்து ஒல்லாந்தர் அம்ஸ்ரடாம் என்று பெயர் வைத்த தீவு ஒன்று இருக்கிறது. எங்கள் காரைநகருக்கும் ஒல்லாந்தர் வைத்த பெயர் அம்ஸ்ரடாம். தங்கள் ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள்!

தசமப் புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் இலக்கமும் உங்களை வீட்டுக்குக் கிட்டக் கொண்டுவருகிறது. முதல் இலக்கம் மாறினால் 11 கிலோமீற்றர், இரண்டாவதற்கு 1.1, மூன்றாவதற்கு 110 மீற்றர், நான்காவதற்கு 11 மீற்றர், ஐந்தாவதற்கு ஒரு மீற்றரும் கொஞ்சமும். எங்கள் காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர், சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 16 மீற்றர். ஆகவே நான்கு இலக்கம் சரியாகக் கொடுத்தால் ஒரு பரப்புக் காணிக்குள் வந்துவிடலாம். ஐந்து கொடுத்தால் கிணற்றுக்கட்டையே காட்டலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒழுங்கையில் எந்தப் படலை என்று விளங்கப்படுத்தும் வேலை மிச்சம்.

காணி உறுதிப் பத்திரத்தில் இந்த எண்கள் இருக்காது. கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை என்று எல்லை சொல்லியே எழுதியிருப்பார்கள். நில அளவையாளரின் படத்தில் வேறொரு எண் வரிசை வரக்கூடும். இலங்கையின் நில அளவைக் கட்டம் கிறீன்விச்சை விட்டுவிட்டு, நுவரெலியாவில் உள்ள பிதுருதலாகலை மலையை மையமாக வைத்து மீற்றர் கணக்கில் எண்ணுகிறது. மையத்துக்கே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டதால், நாட்டில் எந்த மூலைக்கும் கழித்தல் அடையாளம் வராது. அந்த மலையிலிருந்து நல்லூர் மேற்கே சுமார் 81 கிலோமீற்றர், வடக்கே சுமார் 296. ஒரே கோவிலுக்கு லண்டனிலிருந்து ஒரு விலாசம், நுவரெலியாவிலிருந்து ஒரு விலாசம்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 அன்று 11 மணி 50 நிமிடத்திலேயே தடியை நட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். நிழல் மேற்கே இருந்து சுருங்கி வந்து, தடியின் அடிக்குள் மறைந்து, கிழக்கே முளைக்கும். உச்சிக்கு நான்கு நிமிடம் முன்போ பின்போ இருந்தால் ஒரு மீற்றர் தடிக்கு ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் நிழல் இருக்கும். கற்களை ஒரு நூலால் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு முற்றத்தில் கிடக்கும். அன்று மழை மப்பாக இருந்தால் முதல் நாளோ அடுத்த நாளோ பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது. மூன்று நாளும் மப்பு என்றால் ஆகஸ்ட் 28, மத்தியானம் 12 மணி 11 நிமிடம்.